மேலே வராத இடது விளக்கு

மூன்று வாரமாக என் மாஸ்டா எம்எக்ஸ்-5 கார் ஒற்றைக் கண்ணோடு நின்றது. இதன் முன்விளக்குகள் மூடியோடு உள்ளே படுத்திருக்கும், வேண்டும்போது மோட்டார் மேலே தூக்கும். சுவிட்சை அழுத்தினால் வலது விளக்கு டக்கென்று எழும்பும். இடது பக்கம் மோட்டார் கிர்ரென்று ஓடும், மூடி அரை அங்குலம் தூக்கும், அப்படியே படுத்துவிடும். வண்டி 1991 மாடல். 1989 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறைக்குத்தான் இப்படி எழும்பும் விளக்கு. அதற்கடுத்த மாடலில் கம்பெனியே அதை எடுத்துவிட்டது. எனக்கு இந்த வண்டியில் பிடித்ததே அதுதான்.

கிருஷ்ணகிரியில் முதலில் பார்த்த எலக்ட்ரீஷியன், மோட்டார் போய்விட்டது, கம்பி கட்டி நிரந்தரமாகத் தூக்கி நிறுத்திவிடலாம் என்றார். சத்தம் போட்டு ஓடுகிற மோட்டார் எப்படிப் போயிருக்கும்? மனசு ஒப்பவில்லை. ராயக்கோட்டை ரோட்டில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன்.

பானட்டைத் திறந்ததுமே ஸ்பேனரை எடுத்தேன். அவர் கையைத் தட்டிவிட்டார். "முதல்ல பியூஸைப் பிடுங்கு தம்பி. அது பாட்டுக்கு மூடினா விரல் நசுங்கிடும்." விளக்குக்கான பியூஸைப் பிடுங்கி, பேட்டரி நெகட்டிவ் டெர்மினலையும் கழற்றினோம். இதை மட்டும் யாரும் தள்ளிப்போடாதீர்கள்.

மின்சாரம் இல்லாமல் விளக்கைத் தூக்க வழி இருக்கிறது. ஒவ்வொரு விளக்குக்கும் தனி மோட்டார். அதில் ஒரு ரப்பர் தொப்பிக்குள் குமிழ் இருக்கும். திருகத் திருக விளக்கு மெல்ல மேலே வரும். 1936-இல் வந்த கார்டு 810 காரில் டிரைவரே டேஷ்போர்டில் கைப்பிடியைச் சுற்றித்தான் விளக்கை எழுப்ப வேண்டும் என்று படித்தது அப்போது ஞாபகம் வந்தது. எனக்கோ குமிழ் சுற்றியது, விளக்கு அசையவில்லை. மோட்டாருக்கும் விளக்குக்கும் நடுவில்தான் கோளாறு என்று அங்கேயே விஷயம் பாதி புரிந்துவிட்டது.

மூடியைக் கழற்றுமுன் அதன் நான்கு ஓரத்திலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, போல்ட் உட்கார்ந்திருந்த இடத்தைப் பேனாவால் குறித்துக்கொண்டேன். போல்ட் துளைகள் நீளவாக்கில் இருப்பதால் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் மூடி பக்கத்துத் தகட்டோடு சேராது.

உள்ளே பார்த்தால் மோட்டார் கையையும் விளக்குச் சட்டத்தையும் இணைக்கும் கம்பியின் முனையில் இருந்த பிளாஸ்டிக் புஷ், அதாவது மூட்டில் உட்காரும் சின்ன வளையம், தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தது. கம்பி அதிலிருந்து நழுவித் தொங்கியது. சுற்றிலும் சாம்பல் நிறக் களிம்பு. கிரானைட் லாரி ஓடுகிற ரோட்டுத் தூசி, பழைய கிரீஸோடு கலந்து உப்புத்தாள் மாதிரி அறுத்திருக்கிறது. விரலில் தேய்த்துப் பார்த்தேன், நறநறவென்றது.

ஓசூரில் லேத் பட்டறையில் நைலானில் இரண்டு புஷ் கடைந்து வாங்கினேன். பழையதைக் காட்டி, தேயாத பக்கத்தை அளக்கச் சொன்னேன். கீல்களை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, புது கிரீஸ் தடவி மாட்டினோம்.

மாட்டுவதைவிட அட்ஜஸ்ட்மென்ட்தான் நேரம் பிடித்தது. விளக்கு மேலே வந்து முட்டும் இடத்தில் ரப்பர் தலை வைத்த போல்ட் ஒன்று உண்டு. அது தாழ்ந்திருந்தால் விளக்கு மேலே நின்று ஆடும். உயர்ந்திருந்தால் மோட்டார் திணறும். கால் சுற்று, கால் சுற்றாகத் திருகி, குமிழால் ஏற்றி இறக்கிப் பார்த்து, பிறகே லாக் நட்டை இறுக்கினோம். அதற்கப்புறம்தான் பியூஸ்.

சாயங்காலம் ஒரு மாங்காய் குடோன் சுவருக்கு 25 அடி தள்ளி வண்டியை நிறுத்தி, விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்தேன். டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அதற்கு இரண்டு அங்குலம் கீழே விழும்படி திருகுகளைத் திருப்பினேன். அண்ணனை டிரைவர் சீட்டில் உட்கார வைத்துத்தான் பார்த்தேன். ஆள் எடையில் வண்டி தாழும். விளக்கே ஏழு அங்குல வட்டம்தான், ஜீப்புக்கும் புல்லட்டுக்கும் வருகிற அளவு. கண்ணாடி உடைந்தாலும் உள்ளூரிலேயே கிடைக்கும் என்பது பெரிய நிம்மதி.

அன்றிரவே தொப்பூர் கணவாய் வரை ஓட்டினேன். இரண்டும் ஒன்றாக எழுந்தன. வலது பக்கம் மட்டும் குழியில் இறங்கும்போது லேசாக ஆடுகிறது. மீதி ஒரு புஷ் டேஷ்போர்டில் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அதையும் மாற்றிவிடுவேன்.