முனிக்கு யார் முகம்?

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் சாமி படம் வரைந்து பிழைக்கிறவனுக்குத் தைப்பொங்கலிலிருந்து சித்திரை வரைதான் உண்மையான வேலைக்காலம். மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் டிக்கோயா, மஸ்கெலியா, நோர்வூட் எங்கும் சுவர் காயாது. காயாத சுவரில் எனாமல் அடித்தால் அடுத்த திருவிழாவுக்குள் கொப்புளம் கட்டி உரிந்துவிடும். அதற்கும் மேலே பாசி. காளியின் நாக்கு பச்சையாவதை நான் பார்த்திருக்கிறேன். மழைக்காலத்தில் கடைக்குள் உட்கார்ந்து பெயர்ப்பலகையும் ஆட்டோவின் பின்பக்க எழுத்தும் எழுதுவேன். வெயில் வந்ததும் தோட்டம் தோட்டமாகக் கோயில், சேர்ச், சில சமயம் சந்தியில் உள்ள புத்தர் கூடு. மூன்று மதத்துக்கும் ஒரே பிரஷ்தான்.

வேலை கேட்டு வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. முன்பு சுருட்டிய கலண்டர் கொண்டுவருவார்கள். இப்போது போனை நீட்டுகிறார்கள். "இதே மாதிரி வேணும்ணே." இந்த 'இதே'யில்தான் என் தொழிலின் பாதித் தலைவலி. அனுமார் என்றால் ஆட்டோக் கண்ணாடிகளில் ஒட்டியிருக்கிற, காவியும் கறுப்பும் கலந்த அந்தக் கோபக்கார முகம். காசர்கோட்டுக்காரரான கரண் ஆச்சார்யா என்ற ஓவியர் 2015இல் ஊர் இளைஞர் மன்றக் கொடிக்காகக் கணினியில் வரைந்தது அது. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் வளரும் நம் பையன்களுக்கு அது இராமாயண காலத்து முகம். சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு சாந்தமாகப் பறக்கிற அனுமாரை வரைந்தால், "இது என்னண்ணே, பழைய ஆள் மாதிரி இருக்கு" என்கிறார்கள்.

பழசு எது என்பதில் எனக்குப் பெரிய சந்தேகம் உண்டு. தாமரைமேல் நிற்கும் சேலை கட்டிய லட்சுமியை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜா ரவிவர்மா பம்பாயில் அச்சகம் போட்டது 1894இல். அதிலிருந்துதான் அந்த லட்சுமியும் சரஸ்வதியும் வீடு வீடாகப் போனார்கள். அப்புறம் 1940களில் கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைய, சிவகாசி அச்சடிக்க, முருகனுக்கு இன்று நமக்குத் தெரிந்த அந்தக் குழந்தைக் கன்னம் வந்தது. சிங்கள வீடுகளின் புத்த சரிதைப் படங்களும் இப்படித்தான். சார்லிஸ் என்ற ஓவியர் வரைந்து, ஜெர்மனியில் அச்சாகி வந்து, சுவரேறியவை. கிறிஸ்தவ வீடுகளில் தொங்குகிற, தோள்வரை முடியும் தாடியும் வைத்து ஒருபக்கம் பார்க்கிற இயேசு, சிகாகோவில் வொர்னர் சால்மன் என்பவர் 1940இல் தீட்டியது. உலகம் முழுக்க ஐம்பது கோடிப் படிகளுக்கு மேல் போயிருக்கிறது என்கிறார்கள்.

நம் ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து இங்கே கோப்பிக் காட்டுக்கு வரத் தொடங்கியது 1820களில். அப்போது இந்தப் படங்களில் ஒன்றுகூடக் கிடையாது. அவர்கள் கொண்டுவந்தது ஊர்க் கோயிலின் பிடிமண், ஒரு பெயர், சாமியாடத் தெரிந்த ஒரு உடம்பு, அவ்வளவுதான். மரத்தடியில் கல்லை நட்டு, மஞ்சள் பூசி, சூலம் குத்தி முனியாண்டி என்றார்கள். அந்தக் கல்லுக்கு மூக்கும் முழியும் யாரும் கேட்கவில்லை. இது தெரிந்த பிறகு, "நவீன ஓவியம் நம்ம சாமியைக் கெடுத்துடுச்சு" என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வருகிறது. கலண்டரே நவீனம்தான். நமக்கு அது அம்மா வீட்டுச் சுவரில் பழகிப்போனதால் அப்படித் தோன்றவில்லை.

வேலை பழகிய காலத்தில் கண்டியில் இருந்தேன். அங்கே திரித்துவக் கல்லூரித் தேவாலயத்தைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. எம்பெக்க தேவாலயம் என்கிற பழைய கோயிலின் மரத்தூண்களின் பாணியைக் கருங்கல்லில் செதுக்கி நிறுத்தி, பக்கங்களைத் திறந்துவிட்டுக் கட்டியது. உள்ளே டேவிட் பெயின்ரரின் சுவரோவியங்கள். அவர் அப்பா ஆங்கிலேய மிஷனரி, அம்மா சிங்களவர். குடும்பம் நுவரெலியாவில் பிள்ளைகள் இல்லம் நடத்தியது. லண்டன் ரோயல் அகடமியில் படித்துவிட்டு வந்தவர், சீடர்களின் காலைக் கழுவுகிற இயேசுவையும் நல்ல சமாரியனையும் நம்மூர் உடம்புகளில் வரைந்தார். சிலுவையில் தொங்குகிற இயேசுவுக்குத் தாடி இல்லை. என்னோடு வந்த பெயின்டர் அண்ணன், "தாடி வைக்க மறந்துட்டாரோ?" என்று கேட்டார். மறக்கவில்லை. ரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைகளில் ஆதிக் கிறிஸ்தவர்கள் வரைந்த நல்ல மேய்ப்பனுக்கும் தாடி கிடையாது. பெயின்ரரின் இயேசு, சால்மனின் இயேசுவுக்கு வயதில் மூத்தவர். ஆனால் நம் லயத்து வீட்டில் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால், சிகாகோக்காரரைத்தான் 'உண்மையான ஏசு' என்பார்கள்.

ஓவியர் ஜோர்ஜ் கீற் கண்டியில் பிறந்தவர். ஐரோப்பிய வம்சாவளியான கிறிஸ்தவ பறங்கிக் குடும்பம். மனம் போனது மல்வத்தை விகாரைப் பிக்குகளிடம், பிறகு கண்ணன் ராதையிடம். 1943இல் தொடங்கிய நவீன ஓவியர்களின் '43 குழு'வில் அவரும் ஒருவர். அதற்கு முன்பே, 1939–40இல், கொழும்பு பொரளை கோதமி விகாரைச் சுவர்களில் புத்தரின் வாழ்க்கையை வரைந்து முடித்திருந்தார். பிக்காசோவைப் பார்த்த கை அது என்பது கோட்டைப் பார்த்தாலே தெரியும். கூடவே தெகல்தொருவ விகாரையின் கண்டியச் சுவரோவியங்களும் கண்ணில் நிற்கும்: சிவப்புப் பின்னணி, நிழல் இல்லாத உருவம், ஒரே பட்டையில் ஓடுகிற கதை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கோதமி விகாரையில் இன்றைக்கும் பூ வைக்கிறார்கள், விளக்கேற்றுகிறார்கள். நூதனசாலைக்குப் போயிருக்க வேண்டிய பாணி, கும்பிடுகிற இடத்தில் சுவரோடு இருக்கிறது. யாரும் வந்து 'இதே மாதிரி இல்லையே' என்று கேட்டதாகத் தெரியவில்லை.

அந்தத் துணிச்சலில்தான் ஒரு தோட்டத்தில் முனியாண்டிக் கோயில் பின்சுவருக்கு என் மனதில் இருந்ததை வரைந்தேன். கீழ் டிவிஷன் கோயில்; தோட்டத்தில் டிவிஷனைக் கணக்கு என்போம். குதிரை, அரிவாள், முறுக்கிய மீசை என்றுதான் கேட்டிருந்தார்கள். நான் அரிவாளுக்குப் பதில், தேயிலைச் செடியை வெட்டி ஒழுங்காக்குகிற கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்தேன். மேலுடம்பு கவ்வாத்து வெட்டுகிற ஆளின் உடம்பு: வலத்தோள் சற்று இறங்கி, முழங்கைக்குக் கீழே நரம்பு புடைத்து, வயிறு ஒட்டி. முழங்காலுக்குக் கீழே அட்டைக்கடித் தழும்பு. கலண்டர் சாமிகளுக்கு எலும்பே இருப்பதில்லை. இந்த முனிக்கு விலா தெரிந்தது. முகம் மட்டும் யாருடையதும் இல்லை, நாலைந்து பேருடைய கலவை.

கமிட்டி வந்து பார்த்தது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தலைவர்தான் ஆரம்பித்தார்.

"கத்தி நல்லாருக்கு தம்பி."

"உடம்பு?"

"உடம்பும் சரிதான். கவ்வாத்துச் சாமின்னு ஒண்ணு நம்ம மலையிலயே இருக்கே, அதனால தப்பில்ல. ஆனா இவரு நம்மள பாக்கலயே."

பக்கத்தில் ஒரு ஆயா நின்றிருந்தது. பென்ஷன் எடுத்து ரொம்ப நாள் ஆனவர். "முகத்த பாத்தா நம்ம மேல்கணக்கு பெரியசாமி மாதிரி இருக்கு. அவன்கிட்ட நான் என்னான்னு போயி வேண்டுறது? அவன் எனக்கு எண்ணூறு ரூவா தரணும்."

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அப்புறம் கண்ணை மட்டும் திருத்தினேன். இமையைத் தூக்கி, விழியைப் பெரிதாக்கி, சுவருக்கு எதிரே எந்த இடத்தில் நின்றாலும் நம்மைப் பார்க்கிற மாதிரி கருமணியை நடுவில் வைத்தேன். மீசையைக் கொஞ்சம் முறுக்கினேன். மற்றது எதையும் தொடவில்லை. விலா எலும்பு, அட்டைத் தழும்பு, கவ்வாத்துக் கத்தி எல்லாம் அப்படியே நின்றன. கடா வெட்டிப் பூசை நடந்தது. ஆயாவும் கும்பிட்டது.

கண் விஷயத்தில் அவர்கள் சொன்னது நியாயம். ஸ்தபதிகள் கடைசியாகத்தான் கண் திறப்பார்கள். அதற்கு முன்வரை அது கல். கண்டியச் சிற்பாசாரிகளின் வழக்கத்தைப் பற்றி கலை ஆய்வாளர் ஆனந்த குமாரசுவாமி 1908இல் எழுதியிருக்கிறார்: புத்தர் சிலைக்குக் கண் தீட்டுகிறவர் சிலையை நேருக்கு நேர் பார்ப்பதில்லை, கண்ணாடியில் பார்த்துத்தான் தீட்டுவார். கொழும்பு கண்காட்சிகளுக்குப் போகும்போதெல்லாம் இது எனக்கு ஞாபகம் வரும். அங்கேயும் சூலம், சிலுவை, தாமரை, போதி இலை எல்லாம் உண்டு. நாம் அவற்றைப் பார்க்கிறோம். அவை நம்மைப் பார்க்க வேண்டும் என்று அங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அது வேறு வேலை. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் சித்திரம் படித்துவிட்டு மலைக்குத் திரும்புகிற பிள்ளைகள் சாக்கையும் தேயிலைச் சாயத்தையும் கொழுந்துக்காரர் இடுப்பில் கட்டுகிற படங்கையும் வைத்துச் செய்கிற வேலைகளில் ஒரு சாமிப்படம்கூட இருக்காது. ஆனாலும் ஒரு நேர்த்திக்கடன் தெரியும். எனக்கு அது கைவராது.

சேர்ச் வேலை இன்னொரு மாதிரி. ஒரு தோட்டத்துச் சிற்றாலயத்துக்குச் சிலுவைப்பாதை பதினான்கு நிலைகளையும் நம்மூர் ஆட்களாக வரையச் சொன்னார் பாதர். சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். இயேசுவின் முகம் துடைக்கிற வெரோணிக்கா கொழுந்துக்காரப் பெண்; இடுப்பில் படங்கு, தலைக்கயிற்றில் கூடை. சிலுவை தூக்க உதவுகிற சீமோன் பழைய கம்பளி போர்த்தியவர். அழுகிற பெண்கள் லயத்து வாசலில் நிற்கிறார்கள். சபையில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. சிப்பாய்களிடம் வந்தபோதுதான் சிக்கல். அடிக்கிறவன் யார்? கங்காணியா? வெள்ளைக்காரத் துரையா? காக்கி உடுப்பா? ஒவ்வொருவருக்கும் ஒரு பேர் தோன்றியது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் பாதர், "ரோமர்களாகவே விட்டுவிடுங்கள், மாஸ்டர்" என்றார். செம்புத் தலைக்கவசமும் சிவப்புக் கச்சையும் மாட்டி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே நிறுத்தினேன். வேதாகமக் காட்சிகளை உள்ளூராக்கிய படங்களைப் பார்க்கும்போது இப்போதெல்லாம் முதலில் வில்லனைத்தான் தேடுகிறேன். துன்பப்படுகிறவரை நம் ஆளாக்குவது எளிது. துன்பம் தருகிறவருக்கு நம் ஊரில் முகம் கொடுக்கத் தைரியம் வேண்டும். அது எனக்கும் இல்லை, கமிட்டிக்கும் இல்லை.

இதையெல்லாம் யோசித்துக் குழம்பும்போது காமன்கூத்துதான் என்னை மடக்கும். மாசியில் காமன் நட்டதிலிருந்து மன்மதன் எரிகிற நாள்வரை தப்பு முழங்கும். பகலில் எங்களோடு டீக் குடித்த பையன் இரவில் அரிதாரம் பூசி மதனாக இறங்குகிறான். ரதி வேஷம் கட்டுகிறவனும் ஆண்தான், பக்கத்துக் காம்பிரா, அதாவது லயத்தில் பக்கத்து வீடு. காப்புக் கட்டி விரதம் இருக்கிறார்கள். சுவரில் பெரியசாமி ஜாடையைக் கண்டு கும்பிட மறுத்தார்களே, அதே ஆட்கள் பெரியசாமி மகன் மதனாக வரும்போது காலில் விழுகிறார்கள், பிள்ளைக்குத் திருநீறு வாங்குகிறார்கள். எண்ணூறு ரூபாய்க் கடனெல்லாம் அங்கே கணக்கில் இல்லை. நான் கேட்டும் பார்த்தேன். "அது கூத்துண்ணே, அன்னைக்கு அவன் அவன் இல்ல" என்றான் தப்படிக்கிற பையன். என் புத்திக்குப் பட்டது இதுதான்: கூத்து முடிந்ததும் அரிதாரம் கழுவப்பட்டுவிடும், பெரியசாமி மகன் மறுநாள் காலை ஆள்கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்விடுவான். சுவரில் வரைந்தது அப்படிக் கழுவிப்போகாது. தினமும் விளக்கு வைக்கிற இடத்தில் பெரியசாமி நிரந்தரமாக நிற்பதை யார் சம்மதிப்பார்கள்? பெயின்ரருக்கும் கீற்றுக்கும் அந்தச் சங்கடம் குறைவாகவே இருந்திருக்கும். அவர்கள் வரைந்த முகங்களுக்கு உரியவர்கள் வந்து வரிசையில் நின்று கும்பிடுகிற இடமல்ல அது.

போன மாதம் வந்த வேலை ரோதைமுனி. தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் ரோதை என்கிற இயந்திரச் சக்கரம் சுற்றுகிறதே, அதற்கும் காவல் வேண்டும் என்று நம் ஆட்கள் உண்டாக்கிய முனி. ஊரில் இருந்து கொண்டுவந்த சாமி இல்லை. இங்கே, இயந்திரத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர். எந்தப் புராணத்திலும் இல்லாதவர், எந்தக் கலண்டரும் அச்சடிக்காதவர். ஸ்டோர் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு கல், ஒரு சூலம். நவீன காலத்துக்கு நவீனமாகவே ஒரு கடவுளை உண்டாக்கியவர்கள் என்று யாரையாவது காட்டச் சொன்னால் நான் இவர்களைத்தான் காட்டுவேன். இப்போது தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்பில் சம்பாதித்துப் பணம் சேர்த்திருக்கிறார்கள். ஆறடி சீமெந்துச் சிலை வேண்டுமாம். போனில் படமும் வந்தது. கம்பியூட்டர் போட்டுத் தந்தது. உடற்பயிற்சி செய்த உடம்பு, முதுகுக்குப் பின்னால் தங்க நிறத்தில் ஒரு பற்சக்கரம், கண்ணில் நெருப்பு.

நான் போய்ப் பார்த்துவிட்டு, கல்லை அப்படியே விடுங்கள், கூரை மட்டும் போட்டு, சுவருக்கு வெள்ளை அடித்துத் தருகிறேன் என்றேன். ஸ்டோரில் வேலை செய்த பழைய ஆட்கள் இரண்டு பேர் தலையாட்டினார்கள். சேர்ந்த பணம் முழுக்கச் சிலைக்கென்று சேர்ந்தது, அதை வெள்ளையடிக்கவா செலவழிப்பது என்று இளைஞர்கள் கேட்டார்கள். அதுவும் நியாயமான கேள்விதான். வெள்ளையடிக்க நான் சொன்ன தொகை, சிலைக்குக் கிடைத்திருக்கக்கூடியதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி ஒன்றும் பேசாமல் கரண்ட் பில்லை எடுத்து மேசையில் வைத்தாள். மாத்தளையிலிருந்து வேறொருவரை அழைத்திருப்பதாகக் கேள்வி. சீமெந்து வேலையில் கைதேர்ந்தவர், எனக்கும் பழக்கம். போன் எடுத்து, முடிந்தால் கல்லைப் பீடத்துக்கு முன்னாலேயே வைத்துவிடும்படி சொன்னேன். பார்க்கிறேன் என்றார்.