எல்லாருக்கும் எட்டரை மணி

அத்தைக்கு முழங்கால் வலி. எலும்பு டாக்டரைப் பார்க்க ஜூலையில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பேர் கொடுத்தோம். கவுண்டரில் இருந்த பெண் சிரித்த முகமாக அட்டையில் தேதி எழுதிக் கொடுத்தாள். டிசம்பர். நான் முதலில் வருஷத்தைத்தான் பார்த்தேன். நல்லவேளை, இதே வருஷம்.

மொரீஷியஸில் அரசு ஆஸ்பத்திரியைக் குறை சொல்ல வாய் கூசும். டாக்டர், மருந்து, ஆபரேஷன் எதற்கும் காசில்லை. வயதானவர்களுக்கு 2005இலிருந்து பஸ்ஸும் இலவசம். ஆனால் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை உள்ள தீவு இது. கண், கால், கிட்னி என்று அது கொண்டுவரும் வியாதிகள் எல்லாம் இந்த வாசலுக்குத்தான் வந்தாக வேண்டும். பொறுக்காதவர்கள் காசைக் கட்டித் தனியார் கிளினிக்குக்குப் போகிறார்கள். அத்தை போக மாட்டார். "வலி நவம்பரிலும் இருக்கும், டிசம்பரிலும் இருக்கும். பணம்தான் இருக்காது" என்று இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் சொல்லிவிட்டார். கோயிலில் தேவாரம் பிசகாமல் பாடுவார், ஆனால் தமிழில் பேச வராது. எங்கள் மாமியார் மருமகள் சண்டை முழுக்க என் அரைகுறைக் கிரியோலில்தான். எப்போதும் அவர்தான் ஜெயிப்பார்.

அந்த டிசம்பரும் வந்தது. அட்டையில் எட்டரை மணி. ஏழே முக்காலுக்கே போனோம், ஹால் நிறைந்திருந்தது. பக்கத்துப் பாட்டியின் அட்டையைப் பார்த்தேன், எட்டரை. எதிரே கையில் கட்டோடு இருந்த பையனுக்கும் எட்டரை. அங்கே இருந்த அத்தனை பேருக்கும் எட்டரை! டாக்டர் ஒன்பது மணி தாண்டித்தான் வந்தார். அத்தையின் பெயரைக் கூப்பிட்டபோது மதியம் ஆகியிருந்தது.

இதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. மாதக்கணக்கில் காத்திருப்பதற்கு ஸ்பெஷலிஸ்ட் போதவில்லை என்று காரணம் சொல்லலாம். மணிக்கணக்கில் காத்திருப்பதற்கு? எட்டரைக்குப் பத்துப் பேர், ஒன்பதரைக்குப் பத்துப் பேர் என்று எழுத ஒரு பேனா போதாதா? முழங்கால் வலிக்காரியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் அரை நாள் உட்கார வைத்துவிட்டு, "உட்கார்ந்து எழுந்தால் வலிக்கிறதா?" என்று கேட்கிறார்கள்.

அதைவிட எரிச்சல், யாருக்கும் கோபமே வரவில்லை. மதுரையில் எங்கள் தெரு டாக்டரிடம் டோக்கன் பன்னிரண்டு வைத்திருப்பவரைத் தாண்டிப் பதினைந்து உள்ளே போனால், கம்பவுண்டர் அன்றைக்குத் தொலைந்தார். "ஏம்ப்பா, நாங்கள்லாம் மனுஷங்க இல்லையா?" என்று அப்பா எழுந்து நின்றால் திண்ணையே எழுந்து நிற்கும். உள்ளே டாக்டர் இரண்டு நிமிஷம்கூடப் பார்க்க மாட்டார்; ஊசி, மூன்று வேளை மாத்திரை, அடுத்தாள். ஆனாலும் சண்டை போட்டு வாங்கிய இரண்டு நிமிஷம். திரும்பும் வழியில் அப்பா பருத்திப்பால் வாங்கித் தருவார். காய்ச்சல் வந்தால் நல்லது என்று நினைத்த காலம் அது.

இங்கே மோக்காவில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கே சுப்பிரமணிய பாரதி பெயரை வைத்தார்கள். ரூபாய் நோட்டிலும் தமிழ் எழுத்து இருக்கிறது. பாரதியின் கோபம் மட்டும் ஹாலுக்குள் வரவில்லை. "கி பு ஃபேர்" என்று ஒருவர் பெருமூச்சு விட்டால், ஆமாம், என்ன செய்ய என்று எல்லோரும் தலையாட்டுகிறார்கள்.

நானும் பழகிவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நம் மசால்வடைக்குச் சின்னத் தங்கை மாதிரி இருக்கும் காத்தோ பிமானை இப்போது ரொட்டிக்குள் வைத்தே தின்கிறேன். வாசலில் வாங்கிய பொட்டலத்தைப் பிரித்ததும், ஒரு கரண்டி தேங்காய்ச் சட்னி இருந்தால் என்ன என்று கை தானாக ஓரத்தில் தேடியது.

டாக்டர் நல்ல மனிதர். நிதானமாகக் காலை மடக்கிப் பார்த்தார், எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எக்ஸ்ரேயைப் பார்க்க மறுபடி ஒரு தேதி: மார்ச், எட்டரை மணி. நான் கவுண்டரில் வாயைத் திறப்பதற்குள் அத்தை என் கையை அழுத்தினார். பக்கத்துப் பாட்டிக்கும் அதே தேதியாம். இருவரும் அட்டைகளை ஒட்டிப் பிடித்துக் கல்யாணத் தேதி குறித்த மாதிரி பூரித்துப் போனார்கள். பாட்டி ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுவருவார். அந்த வரிசைக்கே என் புளியோதரை வருகிறதாம், அத்தை வாக்குக் கொடுத்துவிட்டார். எத்தனை பேருக்கு என்று கேட்டேன்.

"எட்டரை மணிக்காரர்கள் எல்லாருக்கும்."