அசோலாவை ஈரத்தோடு எடை போடாதீர்கள்

அசோலா தண்ணீரில் மிதந்து வளரும் சிறு பெரணிச் செடி. அதைப் பத்து கிலோ அள்ளிக் குளத்தில் போட்டால் புண்ணாக்கே வேண்டாம் என்று கெண்டை வளர்ப்பவர்கள் பலர் நம்புகிறார்கள். அந்தப் பத்து கிலோவில் ஒன்பதுக்கு மேல் தண்ணீர்தான். காய்ந்தபின் மிஞ்சுவது 600, 700 கிராம். அதில் புரதம் 20 முதல் 25 சதவீதம் என்றால் கணக்கு 150 கிராமுக்குப் பக்கத்தில் நிற்கும். 350 கிராம் கடலைப் புண்ணாக்கிலேயே அது கிடைத்துவிடும்.

அதற்காக அசோலாவை விட்டுவிட வேண்டாம். சாணமும் சூப்பர் பாஸ்பேட்டும் இருந்தால் வளரும் சரக்கு இது. தொட்டியில் பத்து சென்டிமீட்டர் தண்ணீர் நிற்க வேண்டும், மேலே அரைநிழல் வேண்டும். செடி சிவந்தால் வெயில் கூடிவிட்டது, இல்லையென்றால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைந்துவிட்டது.

அறுத்ததும் சாண வாடை போக இரண்டு முறை அலசி, நிழலில் மெல்லிசாகப் பரப்புங்கள். குவித்து வைத்தால் உள்ளே புழுங்கிப் பூஞ்சணம் பிடிக்கும்; அந்தத் தீவனம் மீனின் ஈரலைக் கெடுக்கும். உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் பொடியாக உதிர வேண்டும். பிசுபிசுவென்று ஒட்டினால் இன்னும் காயவில்லை.

பத்து கிலோ தீவனத்துக்கு: கடலைப் புண்ணாக்கு 3.5 கிலோ, தவிடு 4 கிலோ, சலித்த அசோலாத் தூள் 2 கிலோ, மரவள்ளி மாவு 400 கிராம், தாது உப்புக் கலவை 100 கிராம். மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி ஊற்றிப் பிசைந்து, முறுக்கு அச்சில் பிழிந்து காய வையுங்கள். ஒரு துண்டைத் தண்ணீர் டம்ளரில் போடுங்கள். பத்து நிமிடத்துக்குள் கரைந்தால் கஞ்சி போதவில்லை, அல்லது தூளில் வேர் நார் கிடக்கிறது. அசோலாவை இரண்டு கிலோவுக்கு மேல் ஏற்றாதீர்கள். நார் கூடும், மீன் வளரத் தேவையான மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறையும், மீன் எடை பிடிக்காது.

புல் கெண்டையும் திலேப்பியாவும் பச்சையாகவே தின்னும். மூங்கில் சட்டத்துக்குள் போட்டு, மறுநாள் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். கட்லாவுக்குப் பச்சையாகப் போடுவது வீண். அது மிதவை நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும் மீன். சட்டம் இல்லாமல் விட்டால் செடி குளம் முழுக்க மூடிக்கொள்ளும். வெளிச்சம் உள்ளே போகாமல் ஆக்சிஜன் குறைந்து, விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும்.

சாக்கடை கலக்கும் ஏரியில் அள்ளிய செடியை மட்டும் தொடவே தொடாதீர்கள். நீர்ச்செடிகள் ஈயத்தையும் காட்மியத்தையும் உறிஞ்சி வைத்திருக்கும், அது மீன் வழியாக நம் தட்டுக்கு வரும்.