கஞ்சா வழக்கில் ஜாமீன்: பத்து மாதம் நாங்கள் அலைந்த கதை

அக்கா ஃபோன் செய்தபோது இரவு பதினொன்றரை. "தம்பி, பயலைப் போலீஸ் பிடிச்சிருச்சாம்டா. கஞ்சாவாம்." அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை.

அக்கா மகன் டாடா ஏஸ் ஓட்டுகிறவன். சொந்த வண்டி, தவணையில் எடுத்தது. வாடகைக்குக் கூப்பிட்ட ஒரு ஆள் புளி மூட்டைகளை ஏற்றி, தானும் முன்னால் உட்கார்ந்து மதுரைக்கு வந்திருக்கிறான். செக்போஸ்ட்டில் மூட்டையைப் பிரித்தால் உள்ளே பதினொரு பொட்டலம். எஃப்.ஐ.ஆரில் 22 கிலோ. மூட்டைக்காரன் ஏ1, அதாவது முதல் குற்றம்சாட்டப்பட்டவன், எங்கள் பையன் ஏ2. இது 2024 ஆகஸ்ட்டில்.

மறுநாளே தெரிந்தவர் மூலம் ஒரு வக்கீலைப் பிடித்தோம். "பத்து நாள்ல பெயில்" என்று சொல்லி நாற்பதாயிரம் வாங்கிக்கொண்டார். பொய் வழக்கு, தாய்க்குச் சர்க்கரை, தங்கைக்குக் கல்யாணம் ஆகவில்லை, குடும்பத்தில் இவன் ஒருவன்தான் சம்பாதிக்கிறான் என்று மனு எழுதினார். அக்காவின் ஆஸ்பத்திரிச் சீட்டுகளையும் இணைத்தார். சிறப்பு நீதிமன்றத்தில் அரசு வக்கீல் எழுந்து, "கமர்ஷியல் குவான்டிட்டி, 37 வருது" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மனு தள்ளுபடி. மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த 37 என்ன என்று எங்கள் வக்கீலிடம் கேட்டேன். "ஹைகோர்ட்ல பாத்துக்கலாம்" என்றார்.

அடுத்து ஒரு பெண் வக்கீலிடம் போனோம். அவர் முதலில் கேட்டது பையன் செய்தானா இல்லையா என்பதை அல்ல. "எத்தனை கிலோண்ணே?" என்றார். 22 என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் விளக்கியதுதான் இந்தப் பத்து மாதத்துக்கும் அடிப்படை. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சாவுக்கு இரண்டு கோடு. ஒரு கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. இடைப்பட்டதாக இருந்தால் பத்தாண்டு வரை தண்டனை, ஆனால் ஜாமீனை மற்ற வழக்குகளைப் போலவே பார்ப்பார்கள். 20ஐத் தாண்டினால் குறைந்தது பத்தாண்டு, அதிகபட்சம் இருபது. ஜாமீனுக்கு 37ஆம் பிரிவும் குறுக்கே வந்து நிற்கும். அரசு வக்கீல் எதிர்த்தால், இவன் குற்றவாளி இல்லை என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, வெளியே விட்டாலும் குற்றம் செய்யமாட்டான் என்ற இரண்டிலும் நீதிபதிக்குத் திருப்தி வந்தால்தான் ஜாமீன். வழக்கு நடக்கும் முன்பே பாதி விடுதலை வாங்குவது மாதிரி.

ஆஸ்பத்திரிச் சீட்டுக் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இது எதுவும் 37க்குள்ள நுழையாதுண்ணே" என்றார். கோபம்தான் வந்தது. அவர் சொன்னது சரி என்று புரிய எனக்கு மாதங்கள் ஆயின.

பொட்டலங்களை டேப், பாலிதீனோடு சேர்த்துத்தான் எடை போட்டிருந்தார்கள். அதைக் கழித்தால் இருபதுக்குக் கீழே வராதா? நானும் அப்படித்தான் துள்ளினேன். அதைக் கேட்கலாம், விசாரணையில் பார்க்கலாம் என்று சொல்லிவிடுவார்கள் என்றார் வக்கீல். உயர் நீதிமன்றத்தில் அதுவே நடந்தது. புலன்விசாரணை முடியவில்லை என்று அரசுத் தரப்பு சொன்னது. நீதிபதியின் முகம் போன போக்கைப் பார்த்து, தள்ளுபடி ஆகும் முன்பே மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டார். வாபஸ் என்றால் தோல்வி என்று நினைத்தோம். எதிராக ஒரு உத்தரவு எழுதப்பட்டுவிட்டால் அடுத்த மனுவிலும் அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது.

பிறகு நாள் எண்ண ஆரம்பித்தோம். வணிக அளவு வழக்கில் 180 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வர வேண்டும். வராவிட்டால், வருவதற்கு முன் நாம் மனு கொடுத்துவிட்டால், 37ஐத் தாண்டி ஸ்டேட்யூட்டரி பெயில், அதாவது கெடு தவறியதற்காகவே உரிமையாகக் கிடைக்கிற ஜாமீன். அதற்குள் அரசு வக்கீல் உரிய காரணத்தோடு அறிக்கை கொடுத்து, ஒரு வருடம் வரை நீட்டிக் கேட்கவும் வழி இருக்கிறது. சென்னையில் ஒரு வழக்கில் கெடு முடிந்த மறுநாள் காலையில் ஜாமீன் மனு போட்டிருக்கிறார்கள், அன்று மாலை, குற்றப்பத்திரிகை மாதிரியான கூடுதல் புகாரைத் தாக்கல் செய்திருக்கிறது எதிர்த்தரப்பு. 2020இல் உச்ச நீதிமன்றம் மனு போட்டவர் பக்கம் நின்றது. வக்கீல் அலுவலகக் காலண்டரில் எங்கள் 181ஆம் நாளைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருந்தார். 171ஆம் நாள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டது.

அக்கா அன்று சாப்பிடவில்லை. வக்கீலோ, "வரட்டும்ணே, இப்பத்தான் அவங்க கையில என்ன இருக்குன்னு தெரியும்" என்றார்.

பையனுக்கு எதிராக இருந்தது ஏ1 போலீசில் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம், வண்டி, இரண்டுதான். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியமாகாது என்பது நெடுநாளாக இருக்கிற சட்டம். போதைப்பொருள் அதிகாரிகள் 67ஆம் பிரிவில் வாங்கும் வாக்குமூலத்துக்கும் அதே கதிதான் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது, தூஃபான் சிங் வழக்கில். அது தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு. வண்டிதான் சிக்கல். பொருள் உன் வசம் இருந்தது என்று ஆகிவிட்டால், தெரிந்தே வைத்திருந்தாய் என்று 35, 54 பிரிவுகள்படி நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது நம் பாடு.

குற்றப்பத்திரிகையோடு ஃபோன் அழைப்புப் பட்டியலும் வந்தது. ஏ1க்கும் இவனுக்கும் நடுவே மூன்றே அழைப்பு, மூன்றும் பிடிபட்ட அன்று மதியத்துக்குப் பின். அதற்கு முன் ஒன்றுகூட இல்லை. அதைப் பார்த்ததும் வக்கீல், வாடகை எப்படிக் கொடுத்தான் என்று கேட்டார். அட்வான்ஸ் ஜிபேயில் வந்ததாக, சிறையில் அவனைப் பார்க்கப் போனபோது பையன் சொல்லியிருந்தான். ஃபோனோ போலீசில். அக்கா பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு போய் வங்கி எந்திரத்தில் அச்சடித்து வந்தாள். அதே நாள், அதே ஆள், ஆயிரம் ரூபாய். மொத்த வாடகை 2,200. எங்கள் பக்கம் எந்த ஏஸ்காரனும் கேட்கிற வாடகை. கஞ்சா என்று தெரிந்து ஏற்றுகிறவன் புளி வாடகைக்கா வருவான், அதையும் வங்கிக் கணக்கிலா வாங்குவான்?

சிறப்பு நீதிமன்றம் மறுபடியும் தள்ளுபடி செய்தது. 2025 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் இரண்டாவது மனு. இந்த முறை அக்காவின் சர்க்கரை பற்றி ஒரு வரிகூட இல்லை. அழைப்புப் பட்டியல், பாஸ்புக் பக்கம், பத்து மாதமாகியும் விசாரணை தொடங்கவில்லை என்பது, அவ்வளவுதான். விசாரணை இழுத்துக்கொண்டே போனால் 37 மட்டுமே ஒருவரை உள்ளே வைத்திருக்கப் போதாது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் முகமது முஸ்லிம் வழக்கில் சொன்னதையும் காட்டினார். அந்த மனுதாரர் ஏழு வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தவர். நம்முடையது பத்து மாதம், அதை மட்டும் நம்பாதீர்கள் என்று எங்களிடம் முன்பே சொல்லியிருந்தார்.

அரசுத் தரப்பு முன் வழக்கு ஒன்று இருக்கிறது என்றது. எனக்கு உயிரே போய்விட்டது. மூன்று வருடத்துக்கு முன் திருவிழாவில் சட்டை கிழிந்த தகராறு அது. "போதைப்பொருள் வழக்கா?" என்று நீதிபதி கேட்டார். இல்லை. இரண்டாவது நிபந்தனை, வெளியே போனால் குற்றம் செய்யமாட்டான் என்பது, அந்த ஒரு கேள்வியில் கடந்துவிட்டது. யாருக்கும் யாரும் கொடுக்க முடியாத உத்தரவாதம் அது, நடைமுறையில் இப்படித்தான் அளக்கிறார்கள்.

ஜாமீன் கிடைத்தது. ஏ1க்கு இன்றுவரை இல்லை.

உத்தரவு வந்தும் ஒன்பது நாள் அவன் உள்ளேதான் இருந்தான். இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், ஒருவர் ரத்த சொந்தம். அது அக்கா. இன்னொருவருக்குத் தெருத் தெருவாக அலைந்தேன். கொலை வழக்கு என்றால்கூடக் கையெழுத்துப் போட வருவான், கஞ்சா என்றதும் கதவைச் சாத்துகிறான். கடைசியில் அவனுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த மெக்கானிக் வீட்டு வரி ரசீதோடு வந்து நின்றார்.

தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கண்டிஷன் கையெழுத்து. அங்கேதான் அவன் வண்டி நிற்கிறது, நான்கு டயரிலும் காற்றில்லை, அடியில் புல் முளைத்துவிட்டது. இது மாதிரி வழக்கிலும் வண்டியை இடைக்காலமாக விடலாம் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதாம். அந்த மனு அடுத்த வாய்தாவுக்கு வருகிறது. தவணை மட்டும் மாதா மாதம் நான் கட்டுகிறேன்.