ஐஸ் பெட்டிக்குள் ஒரு காற்றழுத்தமானி: இதுவரை செய்து பார்த்தது

மகளுக்கு ஏழாம் வகுப்பு அறிவியலில் காற்று, புயல் பாடம் நடக்கிறது. கடலூரில் பிறந்து வளர்ந்தவன் நான், துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் என்ன அர்த்தம் என்று சின்ன வயதிலேயே தெரியும், ஆனால் அழுத்தம் குறைகிறது என்றால் எதில், எவ்வளவு என்று அவள் கேட்டபோது பதில் வரவில்லை. அதனால் இருவரும் சேர்ந்து செய்து பார்ப்பது என்று முடிவானது.

முதல் நாள் டின் நசுக்குவது. குளிர்பான டின்னில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, ஆவி நன்றாகப் பொங்கியதும் இடுக்கியால் பிடித்துக் குளிர்ந்த தண்ணீரில் தலைகீழாகக் கவிழ்த்தோம். டப்பென்று நசுங்கியது. இது எல்லோருக்கும் முதல் தடவையிலேயே வரும்.

அடுத்தது காற்றழுத்தமானி. ஊறுகாய் பாட்டிலின் வாயில் வெட்டிய பலூனை இழுத்துக் கட்டி, அதன் மேல் ஒரு ஸ்ட்ராவை ஒட்டி, பக்கத்தில் ஸ்கேலை நிறுத்துவது. வெளியே அழுத்தம் குறைந்தால் பலூன் உப்பும், ஸ்ட்ராவின் நுனி கீழே இறங்கும். காலையில் வைத்தோம். மத்தியானம் ஸ்ட்ரா விறுவிறுவென்று இறங்கிவிட்டது, வானமோ பளிச்சென்று இருக்கிறது. "அப்பா, இது புயல்னு சொல்லுதே" என்றாள்.

அன்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. மூடிய பாட்டிலில் உள்ள காற்று ஒரு டிகிரி சூடானால் அதன் அழுத்தம் சுமார் 3.4 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) கூடும். அறை ஐந்து டிகிரி சூடேறினாலே 17. வெளியே ஒன்றும் மாறாமலே ஸ்ட்ரா புயல் காட்டியது அதனால்தான். பள்ளிக்கூடங்களில் இந்த பாட்டிலைச் செய்யச் சொல்பவர்கள் இந்த ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லியே ஆக வேண்டும், இல்லையென்றால் பிள்ளைகள் வெப்பத்தை அளந்துவிட்டு அழுத்தம் என்று நோட்டில் எழுதுவார்கள்.

சரி, வெப்பநிலையை மாறாமல் நிறுத்துவது எப்படி? நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்து இருக்கும்வரை, ஐஸ் தீரும்வரை, அது பூஜ்யம் டிகிரியிலேயே நிற்கும். எங்கள் ஊரில் மீனுக்குப் போடும் ஐஸுக்குப் பஞ்சமில்லை. ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில் மூடியில் துளை போட்டு, கொத்தனார் மட்டம் பார்க்கும் ட்யூபைச் செருகி எம்-சீல் வைத்து அடைத்தேன். பாட்டில் தெர்மோகோல் பெட்டியில் ஐஸுக்குள். ட்யூபின் மறுபக்கத்தை ஒரு பலகையில் யூ வடிவில் வளைத்துக் கட்டி, கேசரி பவுடர் கரைத்த தண்ணீரை ஊற்றினேன், கடைசி முனை திறந்தே இருக்கும்.

முதல் தடவை பாட்டில் குளிர்வதற்குள் ட்யூபை இணைத்துவிட்டேன். உள்ளே காற்று சுருங்கச் சுருங்க, சிவப்புத் தண்ணீர் முழுவதையும் பாட்டில் உறிஞ்சிக்கொண்டது. முப்பது டிகிரி இறங்கினால் நூறு ஹெக்டோபாஸ்கல், அதாவது ஒரு மீட்டர் உயரத் தண்ணீர், அது எப்படி நிற்கும்? மறுபடி கழுவிக் காயவைத்து, ஒரு மணி நேரம் குளிரவிட்டு, அப்புறம் இணைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு பக்கமும் சமமாக வைத்துக் கோடு போட்டோம். ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தண்ணீர், அதனால் வெறும் ஸ்கேலே போதும். பன்னிரண்டுக்குத் திறந்த பக்கம் லேசாக ஏறத் தொடங்கியது. நாலு மணிக்கு இரண்டு மட்டத்துக்கும் நடுவே 2.8 செ.மீ. வித்தியாசம். என் போனில் உள்ள அழுத்த சென்சார் அதே நேரத்தில் 3.2 ஹெக்டோபாஸ்கல் குறைந்ததாகக் காட்டியது. தண்ணீர் நகரும்போது பாட்டில் காற்றுக்கும் கொஞ்சம் இடம் கிடைத்து அதன் அழுத்தமும் சற்றுக் குறைகிறது, அந்தக் கணக்கைச் சேர்த்தால் இரண்டும் பொருந்துகின்றன. அந்தச் சிவப்புக் கோடு ஏறியதைப் பார்த்துக்கொண்டு நாங்கள் இருவரும் சாப்பிடக்கூட எழவில்லை.

ராத்திரி பத்துக்கு மட்டம் கிட்டத்தட்ட பழைய கோட்டுக்கே வந்துவிட்டது. மழையும் இல்லை, புயலும் இல்லை. நம் பக்கத்தில் அழுத்தம் தினமும் இரண்டு தடவை ஏறி இறங்கும்: காலை பத்து, ராத்திரி பத்து வாக்கில் உச்சம், மாலை நாலு, விடியற்காலை நாலு வாக்கில் தாழ்வு. மேலே உள்ள ஓசோனும் நீராவியும் வெயிலை உறிஞ்சிச் சூடாவதால் வளிமண்டலத்தில் எழும் அலை இது. கடல்மட்டம் ஏறி இறங்கும் ஓதம் போலக் காற்றுக்கும் ஓதம். அதனால் காலையில் பார்த்ததையும் மாலையில் பார்த்ததையும் ஒப்பிட்டு அழுத்தம் குறைகிறது என்று சொல்லவே கூடாது. நேற்று இதே மணிக்கு என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். வானிலைத் துறையினரும் 24 மணி நேர மாற்றத்தைப் பார்க்கிறார்கள்.

அப்புறம் காற்றின் சுழற்சி. பூமி சுழல்வதால், நாம் இருக்கும் வட அரைக்கோளத்தில் அழுத்தம் தாழ்ந்த இடத்தை நோக்கி ஓடும் காற்று வலப்பக்கம் விலகும் என்றால், புயல் ஏன் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது? இது அவளை ரொம்பக் குழப்பியது. தாளில் நடுவே புள்ளி வைத்து, நாலு பக்கத்திலிருந்தும் அதை நோக்கி அம்பு போடச் சொல்லி, ஒவ்வொரு அம்பையும் அதன் வலப்பக்கம் சற்று வளைக்கச் சொன்னேன். தெற்கிலிருந்து வரும் அம்பு புள்ளிக்குக் கிழக்கே போய்விடுகிறது, கிழக்கிலிருந்து வருவது வடக்கே. நாலும் சேர்ந்து இடஞ்சுழி. காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் தாழ்வு இடக்கைப் பக்கம் என்று 1857-இல் டச்சு வானிலை அறிஞர் பைஸ் பாலட் சொன்ன விதியும் அதே தாளில் தெரிந்தது.

உடனே எனக்கு 'தானே' என்று பெயரிட்ட புயல் ஞாபகம் வந்தது. 2011 டிசம்பர் 30 காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. முந்திரியும் பலாவும் பண்ருட்டிப் பக்கம் அடியோடு போன புயல். எங்கள் தோட்டத்தில் முதலில் விழுந்த முருங்கை தெற்கே பார்த்து விழுந்தது, கடைசியில் விழுந்த பலா வடகிழக்கே. தாளை வைத்துப் பார்த்தோம். முதலில் வாடைக் காற்று, அதற்கு முதுகு காட்டினால் இடக்கை கிழக்கே, புயல் கடலில். பிறகு தென்மேற்குக் காற்று, இடக்கை வடமேற்கே, புயல் நம்மைத் தாண்டி உள்ளே போய்விட்டது. "மரமே எழுதி வச்சிருக்கே அப்பா" என்றாள்.

நோட்டில் தினமும் காலை பத்து மணிக்கு ஒரு வரி அவள் எழுதுகிறாள். இன்று, நேற்றைவிடத் திறந்த பக்கம் நாலு மில்லிமீட்டர் மேலே. மாலைக்கு ஐஸ் வாங்க வேண்டும்.