காலை ஊன்றும்போது மட்டும் வலிக்கிறதா? அதைத் தனியாகச் சொல்லுங்கள்

புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது என்று தெரிந்ததும் வீட்டில் பேச்செல்லாம் கீமோ, அடுத்த ஸ்கேன், ரத்த அறிக்கை என்றே போகிறது. வலிக்கிறது என்று நோயாளி சொன்னால், இந்த நோயில் வலி இல்லாமல் இருக்குமா என்று கேட்டுவிட்டு மாத்திரையைக் கூட்டிவிடுகிறோம். என் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்று இடுப்பெலும்புக்கு வந்தபோது அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "படுத்திருந்தா ஒண்ணுமில்ல, எழுந்து காலை வச்சாத்தான் உயிர் போகுது." அவருடைய கோப்பில் இருந்த எல்லாத் தாள்களையும்விட அந்த ஒரு வரிதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன்.

ஏனென்றால் அது வேறு வகை வலி. உடம்பின் மேல்பாதி எடை முழுவதும் முதுகெலும்பு வழியாக, அதன் அடியில் இருக்கும் சேக்ரம் என்கிற முக்கோண எலும்புக்கு வந்து, அங்கிருந்து இரண்டு பக்கமும் பிரிந்து, தொடையெலும்பின் உருண்டைத் தலை உட்காரும் கிண்ணத்துக்குப் போகிறது. மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றில் வரும் புற்று எலும்புக்குப் பரவும்போது முதுகெலும்புக்கு அடுத்தபடி அதிகம் போவது இந்த இடுப்பெலும்புக்குத்தான். கட்டி அந்த எடை இறங்கும் பாதையை அரித்துவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் எலும்பு நுணுக்கமாக நொறுங்குகிறது. மார்ஃபின் போன்ற வலி மருந்து மூளைக்குப் போகும் செய்தியை மட்டுப்படுத்தும், எலும்பைத் தாங்க வைக்காது.

கதிர்வீச்சு நல்ல சிகிச்சை, அதைக் குறை சொல்லவில்லை. ஒரே தடவையில் 8 கிரே (கதிர்வீச்சின் அளவு) கொடுத்தாலே பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வலி குறைகிறது. ஆனால் பலன் தெரிய சில வாரங்கள் ஆகலாம், அரித்துப்போன எலும்பு மறுபடி கெட்டிப்பட மாதக்கணக்கில் ஆகும், அதுவரை எப்படி நடப்பது? பெரிய அறுவை சிகிச்சை இன்னொரு வழி. இடுப்புக் கிண்ணத்தைக் கம்பிகளும் சிமென்டும் வைத்துத் திரும்பக் கட்டும் முறையை எலும்பு அறுவை மருத்துவர் ஹாரிங்டன் 1981-லேயே எழுதிவிட்டார். ஆனால் அதில் நீளமான வெட்டு, நிறைய ரத்த இழப்பு, புண் ஆறும்வரை கீமோவைத் தள்ளிப்போட வேண்டிய நிலைமை எல்லாம் உண்டு, ஏற்கெனவே உடம்பு நலிந்தவருக்கு இது சின்ன விஷயமில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் துளைவழிச் சிகிச்சை இருக்கிறது. இதைப் பற்றிப் பலருக்குத் தெரிவதே இல்லை. சிடி அல்லது எக்ஸ்ரே படத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே தோல் வழியாக ஊசியைக் கட்டிக்குள் கொண்டுபோகிறார்கள். முதலில் கட்டியைச் சூட்டால் பொசுக்குவார்கள், இல்லையென்றால் ஆர்கான் வாயுவால் உறைய வைப்பார்கள். உறைய வைப்பதில் ஒரு வசதி, உருவாகும் பனி உருண்டை சிடியில் கண்ணுக்குத் தெரியும், பக்கத்தில் நரம்பு இருந்தால் எங்கே நிறுத்துவது என்று பார்த்து நிறுத்தலாம். அப்புறம் அந்தக் குழிக்குள் எலும்பு சிமென்டைச் செலுத்துகிறார்கள். பசைபோல உள்ளே போகும் அது சில நிமிடங்களில் இறுகிவிடும். இந்தச் சிமென்ட் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், ஆனால் முறுக்குக்கும் இழுப்புக்கும் விட்டுக்கொடுத்துவிடும், கம்பி போடாத கான்கிரீட் மாதிரி. அதனால்தான் விரிசல் இருக்கும் இடங்களில் சிறு துளைகள் வழியே நீளமான ஸ்க்ரூக்களையும் குறுக்காகச் செலுத்திப் பிடிமானம் கொடுக்கிறார்கள். பலரை அன்றைக்கோ மறுநாளோ எழுப்பி நிற்க வைத்துவிடுகிறார்கள். வெட்டு மிகச் சிறியது என்பதால் கீமோவும் அதிகம் தள்ளிப்போவதில்லை. என் பெரியம்மா கைத்தடியோடுதான் நடந்தார், ஆனால் குளியலறைக்குத் தானாகப் போய்வந்தார். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று படுக்கையில் கிடந்தவர்களுக்குத் தெரியும்.

எல்லாருக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். சிமென்ட் மூட்டுக்குள்ளோ காலுக்குப் போகும் சயாட்டிக் நரம்பின் பக்கமோ கசியலாம், அரிதாக ரத்தக் குழாய் வழியே நுரையீரலுக்கும் போகலாம். சிறுநீரக, தைராய்டுப் புற்றுக் கட்டிகளில் ரத்த ஓட்டம் மிக அதிகம், அதனால் கட்டிக்குப் போகும் ரத்தக் குழாயை முன்கூட்டியே அடைக்க வேண்டியிருக்கலாம். தொடையெலும்பின் தலை கிண்ணத்தை உடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது என்றால் துளைவழியில் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே உடைவதற்கு முன்பே கேட்பதுதான் நல்லது. எலும்பிலேயே தொடங்கும் சர்கோமா என்கிற புற்றின் கதை வேறு. அங்கே நோக்கம் கட்டியை முழுதாக அகற்றுவது, சோதனைக்குத் திசு எடுக்கும் பயாப்ஸி ஊசி எந்தப் பாதையில் போகிறது என்பதைக்கூட அறுவை செய்யப்போகும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்று. கருப்பைவாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கும், எலும்பு மெலிந்த வயதானவர்களுக்கும் விழாமலேயே சேக்ரத்தில் விரிசல் விடலாம். சாதாரண எக்ஸ்ரேயில் அது பெரும்பாலும் தெரியாது, எம்ஆர்ஐயில் தெரியும். புற்று திரும்பிவிட்டது என்று குடும்பமே இடிந்து போயிருக்கும், ஆனால் அது வெறும் எலும்பு முறிவாக இருக்கும்! ஓய்வு, வலி மருந்து, மெதுவான நடை என்று பலருக்கு அது தானாகவே ஆறும். ஆறாமல் படுக்கையில் தள்ளிவிட்டால் அங்கேயும் ஊசி வழியாகச் சிமென்ட் செலுத்தலாம்.

மருத்துவரிடம் போகும்போது வலி எப்போது வருகிறது என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள்: படுத்திருக்கும்போதா, புரளும்போதா, காலை ஊன்றும்போதா. எடை தாங்கும் பகுதி அரிபட்டிருக்கிறதா, இடையீட்டு ரேடியாலஜி மருத்துவரும் (படம் பார்த்து ஊசி வழியாகச் சிகிச்சை செய்பவர்) எலும்புப் புற்று அறுவை மருத்துவரும் படத்தைப் பார்த்தார்களா என்று நேராகக் கேளுங்கள். சிமென்ட் வைத்த பிறகும் கதிர்வீச்சு தேவைப்படலாம், அதையும் அப்போதே பேசிவிடுங்கள். எலும்பைக் காக்க ஜோலெட்ரானிக் அமிலம் அல்லது டெனோசுமாப் ஊசி தொடங்கப்போகிறார்கள் என்றால் முதலில் பல் மருத்துவரைப் பாருங்கள், பிடுங்க வேண்டிய பல் இருந்தால் ஊசிக்கு முன்னாலேயே பிடுங்கிவிட வேண்டும். பிறகு பிடுங்கினால் தாடையெலும்பு ஆறாமல் போகும் ஆபத்து இருக்கிறது.