பெட்டியில் 925 மீட்டர், தோட்டத்தில் எவ்வளவு?

நெடுந்தூர டார்ச் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது லூமென் எத்தனை என்றுதான். லூமென் என்பது விளக்கிலிருந்து வெளிவரும் ஒளியின் மொத்த அளவு. அந்த ஒளி ஒரு திசையில் எவ்வளவு செறிவாகப் போகிறது என்பதைச் சொல்வது கேண்டெலா, தூரத்தைத் தீர்மானிப்பதும் அதுவே. மலையடிவாரத்தில் வாழை வைத்திருக்கும் எனக்கு, காட்டோரத்திலிருந்து யானை இறங்கியிருக்கிறதா என்பதைச் சாளையின் (தோட்டத்து வீட்டின்) மொட்டை மாடியில் நின்றபடியே தெரிந்துகொள்ள வேண்டும். இருட்டில் வரப்பில் இறங்கிப் போய்ப் பார்க்கக் கூடாது. அந்தத் தேவைக்காக வாங்கிய 1,500 லூமென் ‘டாக்டிக்கல்’ டார்ச் ஒன்றைச் சில மாதங்களாகப் பயன்படுத்திவருகிறேன்.

பெட்டியில் 925 மீட்டர் என்று அச்சிட்டிருக்கிறார்கள். இது பொய்யில்லை, ஆனால் எதை அளந்து அந்த எண்ணைப் போடுகிறார்கள் என்பது தெரிய வேண்டும். 2009இல் அமெரிக்காவில் வெளியான ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்ற தரவிதியின்படி, ஒளி 0.25 லக்ஸாக (ஒரு பரப்பின் மீது விழும் வெளிச்சத்தின் அலகு லக்ஸ்) குறையும் இடமே டார்ச்சின் எட்டும் தூரம். மேகமில்லாத பௌர்ணமி இரவில் வெட்டவெளியில் விழும் நிலவொளியின் அளவு ஏறத்தாழ அது. நிலவொளியில் நாம் காலடியைப் பார்த்து நடந்துவிடலாம். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் அதே வெளிச்சத்தில் நிற்கும் உருவம் யானையா, பாறையா என்று சொல்லிவிட முடியாது.

பெட்டியில் உள்ள எண்ணை வீட்டிலேயே சரிபார்க்கலாம். லக்ஸ் மீட்டரைப் பத்து மீட்டர் தள்ளி வைத்து, ஒளிக்கற்றையின் நட்டநடுப் புள்ளியை அதன் மீது விழச் செய்து, கிடைக்கும் அளவை நூறால் பெருக்கினால் கேண்டெலா வந்துவிடும். எனக்கு 1,960 லக்ஸ் கிடைத்தது, அதாவது 1,96,000 கேண்டெலா. இதன் வர்க்கமூலத்தை இரட்டித்தால் சுமார் 885 மீட்டர். கைப்பேசிச் செயலிகளை நம்பி இதைச் செய்ய வேண்டாம். அவை ஒப்பிட்டுப் பார்க்க உதவுமே தவிர, அளவு சொல்ல உதவா.

இந்த வர்க்கமூலக் கணக்கில் ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. சூடு ஏறியதும் டார்ச் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிறது; என்னுடையது சில நிமிடங்களிலேயே பாதியாகிவிடுகிறது. வெளிச்சம் பாதியானாலும் தூரம் பாதியாவதில்லை, 885 மீட்டர் 625 அளவில் நிற்கிறது. ஆனால் இதைவிட இருமடங்கு தூரம் வேண்டுமென்றால் நான்கு மடங்கு கேண்டெலா தேவைப்படும். அதற்கு அகலமான, ஆழமான ரிஃப்ளெக்டரும் மிகச் சிறிய, மிகப் பிரகாசமான எல்இடியும் வேண்டும். இந்த டார்ச்சின் எல்இடி எள்ளளவே உள்ள மஞ்சள் சதுரம். அணைத்து வைத்துவிட்டுச் சில அடி தள்ளி நின்று நேராகப் பார்த்தால் ரிஃப்ளெக்டர் முழுவதும் மஞ்சளாகத் தெரிகிறது. எல்இடி சரியான குவியத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதற்குக் கடையிலேயே பார்த்துக்கொள்ளக்கூடிய அடையாளம் இது.

தோட்டத்தில் தூரத்தைக் கைப்பேசி வரைபடத்தில் அளந்துகொண்டு பார்த்தேன். முந்நூறு மீட்டரில் வேலிக்கம்பத்தில் கட்டியிருந்த வெள்ளை உரச்சாக்கு பளிச்சென்று தெரிந்தது. அதன் பக்கத்திலிருந்த கருவேல மரம் வெறும் கருமைதான். கணக்குப்படி அங்கே விழுவது சுமார் இரண்டு லக்ஸ். சாக்கு அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது, மண்ணைப் பூசிக்கொண்ட யானையின் தோல் அனுப்பாது. மாடு, நாய், மான் போன்றவற்றின் கண்கள் மட்டும் உடல் தெரிவதற்கு வெகு முன்பே மினுங்கிவிடும் என்பதால், அதை வைத்து டார்ச்சின் தரத்தை எடைபோட்டுவிடக் கூடாது. என் கணிப்பில், பெட்டியில் போட்ட தூரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அடையாளம் காண உதவும் தூரம்.

மழை பெய்து ஓய்ந்த இரவுகளில் அதுவும் இல்லை. காற்றில் தொங்கும் நீர்த்துளிகள் ஒளியை நம் கண்ணுக்கே திருப்பி அனுப்ப, எதிரே ஒரு வெள்ளைத் தூண் எழுந்து நிற்கிறது. டார்ச்சைக் கண்மட்டத்தில் பிடிக்காமல், கையை நன்றாக விலக்கி இடுப்புக்குக் கீழே பிடித்தால் ஓரளவு தெளிவு கிடைக்கும்.

‘டாக்டிக்கல்’ என்ற பெயருக்காகச் சேர்த்திருப்பவற்றில் பின்முனைப் பொத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. பாதி அழுத்தினால் எரிந்து, விட்டால் அணைகிறது. விட்டுவிட்டு மின்னும் ஸ்ட்ரோப் எனக்கு வேண்டாத ஒன்று, யானையின் முகத்தில் அதை அடிக்க நினைப்பவர்களுக்குக் கையெடுத்துக் கும்பிடு. பேட்டரி 21700 என்ற அளவு வகை, கொள்ளளவு 5,000 எம்ஏஎச். சந்தையில் அதைவிடச் சிறிய 18650 பேட்டரியின் மேலேயே 9,900 எம்ஏஎச் என்று எழுதி விற்கிறார்கள். நல்ல 18650 கூட ஏறத்தாழ 3,500ஐத்தான் எட்டும். இந்த ஒரு எண்ணைப் பார்த்தே அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடலாம்.

குறை என்று சொன்னால், கற்றை மிகவும் குறுகியது. தொலைவில் மரத்தின் உச்சி தெரியும்போது காலடியில் கிடக்கும் பாம்பு தெரியாது. நடக்க வேண்டியிருந்தால் பரந்த ஒளி தரும் சிறிய டார்ச் ஒன்றும் கூடவே இருக்க வேண்டும். முந்நூறு மீட்டருக்கு மேல் பார்க்க வேண்டியவர்கள் இதைவிடப் பெரிய டார்ச்சுக்குப் பணம் போடுவதைக் காட்டிலும் ஏழு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு 7x50 பைனாகுலர் வாங்கிக்கொள்வது நல்லது. மாடியில் ஒருவர் டார்ச் அடிக்க, இன்னொருவர் பைனாகுலர் வழியே பார்த்தபோது அந்தக் கருவேல மரத்தின் கிளைகள் தனித்தனியாகப் பிரிந்து தெரிந்தன.